ட்ரொம்சோ இருட்டில் ஓய்வறைக்கு வாங்கிய வெளிச்சப் பெட்டி: ஒரு ஹவுஸ்கீப்பிங் சுப்பர்வைசரின் மதிப்பீடு

குளிர்கால இருட்டில் பகல் வெளிச்சத்துக்குப் பதிலாக முன்னால் உட்காருகிற பலமான விளக்குத்தான் வெளிச்சப் பெட்டி. அதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். பெரியதாக வாங்குங்கள், காலையில் போடுங்கள், அதற்கு முன்னால் உட்கார உங்கள் வேலையாட்களுக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுங்கள். கடைசியாகச் சொன்னது முடியாது என்றால் பெட்டியும் வேண்டாம், காசை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

நான் வட நோர்வேயில், ட்ரொம்சோவில், ஒரு ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் பகுதிக்குப் பொறுப்பு. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நவம்பர் 27 அளவில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். சுற்றிவர மலை என்பதால் ஊருக்குள் நின்று அதைக் கண்ணால் காண 21ஆம் திகதி ஆகிவிடும். இடைப்பட்ட நாட்களில் மத்தியானத்தை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும். வானம் தெளிந்திருந்தால் தெற்கே கொஞ்சம் செம்மை தெரியும். மற்ற நேரமெல்லாம் தெருவிளக்குத்தான்.

வெளியூர்க்காரருக்கு இது கொண்டாட்டம். வடதுருவ ஒளி பார்க்க எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பஸ்ஸில் திரும்பி வருகிற விருந்தாளி காலையில் பிந்தி எழும்புவார், அறையைப் பிந்தி விடுவார், அடுத்தவர் சொன்ன நேரத்துக்கு முன்னமே பயணப் பெட்டியோடு வரவேற்பறையில் நிற்பார். ஆக, ஆட்களின் உடம்பு மிகவும் களைத்திருக்கிற மாதங்களும் எங்கள் அறைகள் நிரம்பி வழிகிற மாதங்களும் ஒன்றுதான். குளிர்காலத்தில் ஊழியர் நலம் பற்றி எழுதுகிற பலர் அலுவலக மேசையில் இருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறார்கள். கட்டில் விரிப்பு மாற்றுகிறவருக்கு, குளியலறைத் தரையில் முழங்காலில் நிற்கிறவருக்கு அது பொருந்துவதில்லை.

எங்கள் குழுவில் எரித்திரியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, உக்ரைன், போலந்து ஆட்கள் இருக்கிறார்கள். தமிழர் என்றால் நானும், சலவைப் பகுதியில் வல்வெட்டித்துறைத் தம்பி ஒருவரும். காலையில் இருட்டோடு வருகிறோம், ஜன்னல் இல்லாத நடைபாதையில் வண்டி தள்ளுகிறோம், இருட்டோடு வீட்டுக்குப் போகிறோம். வேலை செய்கிற இடத்தில் பகல் வெளிச்சமும் வெளிப்பார்வையும் இருக்க வேண்டும் என்று நோர்வேயில் விதி இருக்கிறது. எங்கள் ஓய்வறைக்கும் நல்ல அகலமான ஜன்னல் இருக்கிறது. டிசம்பர் மாதம் காலை எட்டு மணிக்கு அதில் தெரிவது உங்கள் முகம்தான்.

இந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் நான் கண்டவற்றில் முக்கியமானது நித்திரைக் குழப்பம். பகலில் கண் சொருகும், இரவில் ஒரு மணிக்கும் நித்திரை வராது. வாய் எந்நேரமும் இனிப்புத் தேடும். ஓய்வறையில் பிஸ்கட் பெட்டி போகிற வேகத்தை வைத்தே மாதத்தைச் சொல்லலாம். அடுத்தது எரிச்சல். வண்டியில் துவாய் குறைந்ததற்குக் கோடையில் சிரித்துவிட்டுப் போகிற ஆள் டிசம்பரில் கதவை அடித்துச் சாத்துவார். அப்புறம் சுகயீன விடுப்பு வரத் தொடங்கும். இங்கே சுகயீன விடுப்பின் முதல் 16 நாளுக்கு முதலாளிதான் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அரசு. அதனால் ஊழியர் நலம் என்ற பேச்சு மேலிடத்துக்கு நவம்பரில் திடீரென்று இனிக்கத் தொடங்கும்.

எங்களுக்கு முதலில் வந்தது வெளிச்சம் இல்லை, வெபினார். கம்பனி ஒழுங்கு செய்தது. ஒருவர் திரையில் வந்து, குளிர்காலம் பற்றிய மனப்போக்கை மாற்றினால் எல்லாம் மாறும் என்று இதமான குரலில் பேசினார். எங்களுக்கு வைத்த நேரம் காலை பதினொரு மணி. ஹவுஸ்கீப்பிங் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்தின் அர்த்தம் தெரியும், அறைகள் காலியாகிற நேரம் அது. பிலிப்பைன்ஸ் அக்கா போனைத் தலையணைக் கட்டுக்கு மேல் சாய்த்து வைத்து, மூச்சுப் பயிற்சியைக் கேட்டபடியே கட்டில் விரித்தார். அதுதான் அன்றைய மனநலம்.

இதற்காக மனப்போக்கு என்பதே வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. அதை ஆராய்ந்ததே எங்கள் ஊரில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த காரி லெய்போவிட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 2014-15இல் ட்ரொம்சோவில் தங்கியிருந்து, இங்குள்ள பேராசிரியர் யூஆர் வித்தெர்சோவோடு சேர்ந்து, மக்கள் குளிர்காலத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு கேள்விக்கொத்துப் போட்டார். தெற்கே ஒஸ்லோப் பக்கம், ட்ரொம்சோ, அதற்கும் மேலே ஸ்வால்பார்ட் என்று மூன்று இடத்திலும் கேட்டார்கள். வடக்கே போகப் போகக் குளிர்காலத்தை நல்லதாகப் பார்க்கிற போக்குக் கூடியிருந்தது. அப்படிப் பார்க்கிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தியும் கூடுதலாக இருந்தது. இந்த ஊர்ச் சனத்தைப் பார்த்தால் நம்பலாம். வேலை முடிந்ததும் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குப் போட்ட பாதையில் தீவின் முதுகு நெடுக ஓடுகிறார்கள். ஆனால் எது முதலில் வந்தது? நாலு மணிக்கு வேலை முடிந்து, ஸ்கீயும் காரும் காலில் தெம்பும் இருக்கிறவருக்குக் குளிர்காலம் இனிக்கத்தான் செய்யும். வாடகை அறையில் இரண்டு பேரோடு இருக்கிற, போன வருடம்தான் ஸ்னோவையே கண்ட பிள்ளையிடம் போய் மனதை மாற்று என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. நித்திரை சரியானால் மனம் தானாகக் கொஞ்சம் நிமிரும். அதனால்தான் வெளிச்சப் பெட்டி கேட்டேன்.

மேலிடம் முதலில் வாங்கித் தந்தது மலிவுப் பெட்டி. கம்பனிப் பெயர் எழுதவில்லை, அந்த அளவில் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரித்தான் கிடக்கின்றன: டப்லெட் அளவு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் கால், அட்டையில் பெரிய எழுத்தில் 10,000 லக்ஸ். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும் அலகு. இந்த 10,000 என்ற எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. குளிர்கால மனச்சோர்வுக்கு வெளிச்ச சிகிச்சை என்று டொக்டர்மார் சொல்லும்போது, வழக்கமாகச் சொல்வது 10,000 லக்ஸ், காலையில் அரை மணித்தியாலம். ஒப்பிட்டுப் பார்க்க, அலுவலக மேசைக்கு 500 லக்ஸ் போதும், நடைபாதைக்கு 100. கோடை வெயில் ஒரு லட்சம் வரை போகும். கேள்வி என்னவென்றால், அந்தப் பத்தாயிரம் எந்தத் தூரத்தில் என்பது. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 15 சென்டிமீட்டர்.

15 சென்டிமீட்டர் எவ்வளவு என்று உங்கள் சாணை விரித்துப் பாருங்கள். அதைவிடக் கிட்ட. மூக்கு விளக்கில் முட்டுகிற தூரம். அப்படி உட்கார்ந்து கோப்பி குடிக்கவும் முடியாது, பாண் தின்னவும் முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கவும் முடியாது. கட்டடப் பராமரிப்பாளரிடம் வெளிச்சம் அளக்கும் கருவி இருந்தது, வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒருவர் மேசையில் இயல்பாக உட்காரும் தூரத்துக்குக் கருவியைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் எண் ஆயிரத்து சொச்சத்துக்கு விழுந்துவிட்டது. போதாததற்கு இரண்டு பேர் சேர்ந்து பார்க்க முடியாத அகலம். தனி ஆள் வீட்டில் ஒப்பனை மேசையில் வைத்துத் தலை சீவ ஆகும். ஓய்வறைக்கு ஆகாது.

இரண்டாவது பெட்டிக்கு நான் பாதுகாப்புப் பிரதிநிதியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். இங்கே வேலைத்தலத்தில் ஊழியர்கள் தெரிவுசெய்கிற பிரதிநிதி ஒருவர் இருப்பார், அவர் சொன்னால் மேலிடம் செவி கொடுக்கும். இந்த முறை வந்தது பெரிய பலகை. தூக்க ஒரு கை போதும், ஆனால் சின்ன மேசையில் பாதியை அடைத்துவிடும். விலை முதலாவதைப் போல நாலு மடங்குக்குக் கிட்ட. அரை மீட்டருக்குச் சற்று முன்னால் உட்கார்ந்தாலும் பத்தாயிரத்துக்குக் கிட்ட நின்றது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில், மூன்றாவது ஆள் கொஞ்சம் சரிந்து உட்காரலாம். வெளிச்சம் வெள்ளை. முதல் தரம் போட்டபோது ஓய்வறைச் சுவரில் இவ்வளவு கறை இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்தோம், அதுவும் துப்புரவுப் பகுதியின் அறையில்! கால் உயரத்தை மாற்றலாம், இது முக்கியம், ஏனென்றால் பலகை கண்மட்டத்தை விடச் சற்று மேலே இருந்து சாய்ந்து விழ வேண்டும். நேராக அதை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண் திறந்திருந்து, முகம் அந்தப் பக்கம் இருந்தால் சரி. கோப்பி குடிக்கலாம், போன் பார்க்கலாம், அன்றைய அறைப்பட்டியலைப் பிரிக்கலாம். நாங்கள் செய்வது அதைத்தான்.

குறை இருக்கிறது. ஆளியைத் தொட்டுப் போடுவது என்று செய்திருக்கிறார்கள், ரப்பர் கையுறையோடு தொட்டால் வேலை செய்யாது. வயர் கட்டை. ஒரு மணித்தியாலம் ஆனதும் தானாக நிற்கிற வசதியை எங்களால் நிறுத்த முடியவில்லை, இரண்டாவது ஷிஃப்ட் வரும்போது யாராவது மறுபடி போட வேண்டும். சத்தம் இல்லை, சூடு இல்லை, மினுங்கல் இல்லை. மலிவுப் பெட்டியில் மினுங்கல் இருந்தது, போன் கமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தம்பி கேட்டார், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில், பார்ப்பதற்கு அல்லாமல் இரவா பகலா என்று உடம்புக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. காலையில் பலமான வெளிச்சம் அங்கே பட்டால், நித்திரைக்கு உடம்பைத் தயார்செய்கிற மெலடோனின் சுரப்பது அடங்கும், மூளைக்குள் இருக்கிற கடிகாரம் முன்னுக்குத் தள்ளப்படும், இரவில் நேரத்துக்கு நித்திரை வரும். குளிர்கால மனச்சோர்வை 1984இல் ஒரு நோயாக விவரித்து எழுதியது நோர்மன் ரோசென்தாலும் அவரது குழுவும். ரோசென்தால் தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், அங்கத்தைய குளிர்காலத்தில் தானே சோர்ந்து போனவர். வெயில் நாட்டிலிருந்து வந்த ஆளுக்குத்தான் இது உறைக்கும் போல.

காலையில் என்று சொல்வதைக் கட்டாயம் கவனியுங்கள். உக்ரைன் பிள்ளை ஒருத்தி மாலை ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு அதன் முன்னால் இருந்துவிட்டுப் போவாள், நன்றாக இருக்கிறது என்று. அந்தக் கிழமை முழுக்க விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். இப்போது பலகையில் நாலு மொழியில் ஒட்டியிருக்கிறோம், பகல் பன்னிரண்டுக்குப் பிறகு போட வேண்டாம் என்று. தமிழிலும் ஒட்டினேன். வாசிக்க இரண்டு பேர்தான், இருந்தாலும் ஒட்டினேன்.

எல்லோருக்கும் ஒத்துவராது. ஒருவருக்குத் தலையிடி வந்தது, தள்ளி உட்கார்ந்து நேரத்தைக் குறைத்ததும் போய்விட்டது. இருமுனை மனநோய் இருப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதன் முன் உட்காரக் கூடாது, மிகை எழுச்சியைத் தூண்டிவிடலாம். விழித்திரை நோய் இருப்பவர்களும், வெளிச்சத்துக்குத் தோல் கூசுகிற மருந்து எடுப்பவர்களும் அப்படித்தான். பொது அறையில் வைக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்கிற உரிமை சுப்பர்வைசருக்கு இல்லை. நிஜமாகவே இருண்டு போயிருக்கிற ஆளுக்குப் பெட்டி காட்டுவதும் சரியில்லை. அவரை டொக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பெட்டி விற்றமின் டி தராது. நல்ல பெட்டி என்றால் புறஊதாக் கதிரை வடிகட்டித்தான் இருக்கும், அந்தக் கதிர் இல்லாமல் தோலில் விற்றமின் டி உருவாகாது. நம்மைப் போலத் தோல் கறுத்தவர்களுக்கு இங்கே அந்தக் குறை சாதாரணம். நோர்வேச் சனம் இதற்கு மீனெண்ணெய் குடிக்கிறது, மாதத்தின் பெயரில் ஆர் எழுத்து இருந்தால் குடி என்று ஒரு கணக்கு, செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. ஒரு தேக்கரண்டியில் ஒரு நாளுக்கு வேண்டிய 10 மைக்ரோகிராம் வந்துவிடும். ஓய்வறைக் குளிர்பெட்டியில் ஒரு போத்தல் வைத்தோம். எரித்திரியப் பெண்கள் மணத்திலேயே ஓடிவிட்டார்கள், அவர்களுக்குக் குளிசை வாங்கினோம். பாறையில் கருவாடு காய்ந்த வாசத்தில் வளர்ந்த தம்பி மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். பெட்டி வந்த புதிதில் அது சும்மாதான் நின்றது. யாரும் உட்காரவில்லை. காரணம் எளிது: ஷிஃப்ட் ஏழரைக்குத் தொடக்கம், ஏழு இருபத்தொன்பதுக்கு வந்து உடுப்பு மாற்றி, வண்டியை எடுத்து ஓடுகிறார்கள். அதற்கு முன் அரை மணித்தியாலம் சொந்த நேரத்தில் வந்து விளக்கின் முன் இரு என்று யாரைச் சொல்வது? குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறவரிடமா? காலைக் கூட்டத்தை ஓய்வறைக்கு மாற்றினோம். முன்பு அது படிக்கட்டின் அடியில் நின்றபடி ஐந்து நிமிடம் நடக்கும். இப்போது உட்கார்ந்து, கோப்பியோடு, இருபது நிமிடம், சம்பள நேரத்தில். அறைப் பிரிப்பு, யாருக்கு முதுகு நோகிறது, எந்தத் தளத்தில் லிஃப்ட் பழுது, எல்லாம் அந்த வெளிச்சத்தில் பேசி முடிப்போம். பதினைந்து நிமிடம் போகிறதே என்று மேலாளர் முதலில் முனகினார். நடுவில் ஓடித் திரிந்து கேள்வி கேட்பது குறைந்ததால் அந்த நேரம் திரும்பி வந்துவிட்டது என்பது என் கணக்கு, அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இடைவேளையையும் மாற்றினோம். நோர்வேச் சட்டப்படி ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் ஒரு இடைவேளையாவது வேண்டும், எட்டு மணித்தியாலம் என்றால் மொத்தம் அரை மணித்தியாலமாவது வேண்டும். எப்போது என்று சட்டம் மணி குறித்துச் சொல்லவில்லை. நாங்கள் ஒரு மணிக்குப் பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதற்குள் நீல வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் இரண்டு குழுவாகப் பிரித்துப் பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் வைத்தோம். வெளியே போக விரும்புகிறவர்கள் துறைமுகக் கரைவரை நடந்துவிட்டு வருவார்கள். அங்கே நின்றால் பாலமும், எதிர்க்கரையில் 1965இல் கட்டிய ஆர்க்டிக் தேவாலயத்தின் வெள்ளைக் கூரையும், பின்னால் மலையும் எல்லாம் ஒரே நீலமாக இருக்கும். அந்த வெளிச்சம் அளவில் பெட்டியை விட மிகக் குறைவு. இருந்தாலும் போய்வந்தவர்களின் முகம் பெட்டிக்கு முன் இருந்தவர்களின் முகத்தை விடத் தெளிவாக இருந்தது. கருவி வைத்து அளந்ததில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நடக்க வேண்டும் என்றால் விழாமல் நடக்க வேண்டும். இங்கே ஸ்னோவை விடக் கண்ணாடி போல இறுகிய ஐஸ்தான் எதிரி. சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற ஆணிப்பட்டியைக் கம்பனிச் செலவில் ஆளுக்கு ஒரு சோடி வாங்கித் தரச் சொன்னேன், ஒரு சோடி சில நூறு குரோனருக்குள் வரும். மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை வீட்டில் இருக்கிற ஒருவரின் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. குளிர்கால நலத்துக்கு நாங்கள் செலவழித்ததில் காசுக்கு மிகக் கூடிய பலன் தந்தது எது என்று கேட்டால், பெட்டி இல்லை, இந்த ஆணிப்பட்டிதான் என்பேன்.

தைப்பொங்கல் வேறு இந்த இருட்டுக்குள்தான் வருகிறது. சூரியனுக்குப் படைக்கிற நாளில் எங்கள் ஊரில் சூரியன் இல்லை. ஓய்வறை மின்னடுப்பில் பொங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். தம்பி பானையைத் தூக்கி வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, "அக்கா, கிழக்கு எந்தப் பக்கம் எண்டு பாத்து வையுங்கோ" என்றார். வல்வெட்டித்துறையில் அன்றைக்குக் கடற்கரை நிறையப் பட்டம் பறந்திருக்கும், அவர் காலையிலிருந்தே போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போலந்துக்காரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த கிழமை, 21ஆம் திகதி, ஊரே சூரியன் வந்ததற்கு ஜாம் வைத்துப் பொரித்த பணிஸ் தின்னும். அதை மேலாளர் தன் காசில் வாங்கித் தந்தார். சூரியனைக் கண்டதும் இனிப்புத் தின்கிற விஷயத்தில் இரண்டு சனமும் ஒன்றுதான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நித்திரை சரியாகிவிட்டது என்று குழுவில் பாதிப்பேருக்கு மேல் சொல்கிறார்கள். காலைச் சண்டை குறைந்தது. சுகயீன விடுப்பும் முந்தைய குளிர்காலத்தை விடக் குறைவு, ஆனால் அந்த வருடம் காய்ச்சலும் பெரிதாகப் பரவவில்லை, அதனால் எல்லாப் புகழையும் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன். ஒருவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, அவர் கோப்பிக்காகத்தான் உட்காருகிறார். அதுவும் நல்லதுதான்.

வாங்கப் போகிறவர்கள் செப்டம்பர் கடைசியில், ஒக்ரோபர் தொடக்கத்தில் வாங்குங்கள். இருட்டு வந்த பிறகு போனால் பெரிய பலகைகள் முடிந்து, கடையில் மலிவுப் பெட்டிதான் மிஞ்சியிருக்கும். அட்டையில் பத்தாயிரம் என்று கண்டால் உடனே திருப்பித் தூரத்தைப் பாருங்கள், 30 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் வைத்துவிட்டு வாருங்கள். புறஊதாக் கதிர் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். கால் உயரம் மாற வேண்டும். ஆளிக்குக் கையுறையோடு அமத்தக் கூடிய பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் பெரிய பலகைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், தானாக நிற்கிற அந்த ஒரு மணித்தியால வசதிக்குத்தான் ஒன்றைக் கழித்தேன். சின்னப் பெட்டி இப்போது வரவேற்பறைப் பிள்ளைகளிடம் இருக்கிறது, பயணிகளின் கடவுச்சீட்டைப் படி எடுக்க வெளிச்சம் போதுமாம்.